பழுதும் பழியும்

பழுது என்பது வேறு. பழி என்பது வேறு. பழுதைக் கண்டறியப் பொறுமையும் ஒழுங்கும் ஓரிரு கருவிகளும் வேண்டும். பழியைச் சுமத்துவதற்கோ நாவொன்று இருந்தாற் போதும். அதனாற்றான் உலகில் பழுது பார்ப்போர் சிலராகவும், பழி சுமத்துவோர் பலராகவும் இருக்கின்றனர் போலும்!

இயந்திரங்களோடு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர்கள் இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தை நன்கறிவர். நாம் அதனை அறிந்துகொண்டது ஜெட் படகு என்னும் ஒருவகை விசைப்படகின் வாயிலாக. அந்தப் படகைப் பற்றியும், 'எஞ்சின் போய்விட்டது, கியர் விழவில்லை' என்று கூக்குரல் எழும் வேளைகளில் அதனுள் உண்மையில் என்ன நேர்ந்திருக்கக்கூடும் என்பதைப் பற்றியும் ஈண்டுச் சில சொல்ல விழைகின்றோம்.

'படகு எஞ்சினுக்கும் நமக்கும் என்ன தொடர்பு?' என்று வாசக அன்பர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. நம் கடற்கரை ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்ற பிள்ளைகளுள், கடைகளிலும் அலுவலகங்களிலும் அமர்ந்தவர்கள் போக, படகுத் துறைகளிலும் பட்டறைகளிலும் வியர்வை சிந்துவோரும் இருக்கின்றனர். 'மகனுக்கு என்ன வேலை?' என்று கேட்டால், 'போட்டில் வேலை' என்று உம்மா ஒற்றை வரியில் முடித்துவிடுவார். அந்த ஒற்றை வரிக்குள் எத்துணை நுட்பமும் எத்துணை இடரும் அடங்கியுள்ளன என்பது வீட்டிலிருப்போருக்குத் தெரிவதில்லை. நாமும் அமீரகத்தில், உம்முல் குவைன் கடற்கழியின் ஓரத்தில், பட்டறை ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் அந்த வேலையைத்தான் பார்த்தோம். ஆழம் குறைந்த நீர், அடியில் மணல், மணலில் கடற்புல், கரையில் அலையாத்தி மரங்கள். ஜெட் படகு ஓடுவதற்கும் ஏற்ற இடம் அது. கெடுவதற்கும் ஏற்ற இடம் அதுவே!

ஆற்றில் பிறந்த படகு

ஜெட் படகின் பிறப்பிடம் கடலன்று, ஆறு. நியூசிலாந்தின் தென்தீவில் மெக்கன்சி என்னும் மேட்டுநிலத்தில், ஐரிஷ்மன் கிரீக் என்ற ஆட்டுப் பண்ணையை நடத்திவந்தவர் பில் ஹாமில்டன். 1899ஆம் ஆண்டில் பிறந்த இவர், பண்ணை வேலைகளுக்கான இயந்திரங்களைத் தம் கையாலேயே வடித்துக்கொண்ட பொறியாளர். அந்நாட்டின் ஆறுகள் பனிமலைகளிலிருந்து இறங்கி, கூழாங்கற் பரப்பின்மீது பல கிளைகளாகப் பிரிந்து ஓடுபவை, வேகம் மிகுந்தவை, ஆழமோ பலவிடங்களில் முழங்காலளவுகூட இல்லாதவை. அத்தகைய நீரில் சாதாரண விசைப்படகு சென்றால், அடியில் தொங்கும் விசிறி முதற்கல்லிலேயே மோதி நொறுங்கிப் போகும்.

ஆகவே படகின் அடியில் எதுவுமே தொங்கலாகாது என்று ஹாமில்டன் முடிவு செய்தார். நீரைப் படகின் வயிற்றுக்குள் உறிஞ்சி, ஒரு பம்பினால் அழுத்தி, பின்புறமாகப் பீச்சியடித்தால் படகு முன்னே பாயுமன்றோ? முதலில் அவர் நீரைப் படகின் அடிவழியே வெளியேற்றிப் பார்த்தார், வேகம் போதவில்லை. பின்னர் அந்தக் குழல்வாயை நீர்மட்டத்திற்கு மேலே, படகின் பின்சுவர் வழியாக அமைத்தார். படகு பறந்தது! 1950களின் முற்பகுதியில் நிகழ்ந்தது இது. 1960இல் அவருடைய படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், மாபெரும் மலைப்பிளவின் ஊடே, நீரோட்டத்தை எதிர்த்து மேலேறிச் சென்றன. 1974இல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. 1978இல் அவர் மறைந்தார்.

நம் நாட்டிற்கும் இப்படகு வந்ததுண்டு. எவரெஸ்டு கொடுமுடியில் முதலில் கால் பதித்த இருவருள் ஒருவரான எட்மண்ட் ஹில்லாரி, 1977இல் மூன்று ஜெட் படகுகளுடன் வங்கக் கடலின் முகத்துவாரத்திலிருந்து கங்கையாற்றில் மேல்நோக்கிப் புறப்பட்டார். இமயத்தின் மடியில், நந்தப்பிரயாகை அருகே, ஓர் அருவி வழிமறிக்கும் வரையில் அவை ஏறிச் சென்றன. கடல் மட்டத்திலிருந்து இமயத்தின் பள்ளத்தாக்கு வரை ஒரு படகு செல்லக்கூடும் என்று அதற்குமுன் எவர்தாம் நினைத்திருப்பர்?

கியர் இல்லாத கியர்

இப்படகின் அமைப்பை அறிந்துகொண்டாலன்றி அதன் பழுதுகள் விளங்கா. படகின் அடியில், பின்பகுதியில், ஒரு வாய் திறந்திருக்கும். அவ்வாயின் குறுக்கே கற்களையும் குப்பைகளையும் தடுக்கக் கம்பிச் சல்லடை ஒன்றுண்டு. உள்ளே 'இம்பெல்லர்' எனப்படும் சுழல்விசிறி. அது நீரை இழுத்துப் பின்னே தள்ள, நிலையான தகடுகள் அந்நீரின் சுழற்சியை நேர்செய்ய, குறுகிய குழல்வாய் வழியே அது பாய்ந்து வெளியேறுகிறது. குழல்வாயின் முனையை இடமும் வலமும் திருப்பினால் படகும் திரும்பும். சுக்கான் என்று தனியே ஒன்றில்லை.

அப்படியாயின் பின்னே செல்வது எங்ஙனம்? இங்குதான் பலரும் மயங்குகின்றனர். காரில் உள்ளதுபோன்ற பல்சக்கரங்கள் பெரும்பாலான சிறிய ஜெட் படகுகளில் இல்லை. எஞ்சின் சுழன்றால் இம்பெல்லரும் சுழலும். எப்பொழுதும் ஒரே திசையில்தான் சுழலும். குழல்வாயின் பின்னே, 'பக்கெட்' என்று பட்டறைகளில் வழங்கும் வளைந்த கவிப்பு ஒன்று தொங்குகிறது. அது முழுதும் மேலே தூக்கப்பட்டிருந்தால் நீர் நேராகப் பின்னே பாய்கிறது. படகு முன்னே செல்கிறது. அது முழுதும் கீழே இறங்கினால், பாய்ந்த நீர் அதில் மோதி முன்நோக்கித் திரும்புகிறது. படகு பின்னே நகர்கிறது. பாதி இறங்கி நின்றால் நீர் இருகூறாகப் பிரிகிறது. படகு நின்ற இடத்தில் நிற்கிறது. அந்தப் பாதி நிலைக்குத்தான் நியூட்ரல் என்று பெயர்.

ஆகவே ஜெட் படகின் நியூட்ரல் உண்மையான ஓய்வன்று. தராசின் இரு தட்டுகளும் சமமாக நிற்பது போன்ற ஒரு நிலை அது. படகு அசையாதிருக்கும்போதும் உள்ளே விசிறி சுழன்றுகொண்டேயிருக்கிறது, அடிவாய் உறிஞ்சிக்கொண்டேயிருக்கிறது. கட்டும் கயிற்றின் முனை நழுவி நீரில் விழுந்தால் அதனையும் உறிஞ்சும். அருகே நீந்துவோரின் தலைமுடியையும் தளர்ந்த ஆடையையும்கூட விட்டுவைக்காது. 'நியூட்ரலில்தானே இருக்கிறது' என்று எண்ணி, எஞ்சின் ஓடும் படகின் பின்புறம் பிள்ளைகளை இறங்க விடுவது பெரும் ஆபத்தாகும்.

'கியர் விழவில்லை' என்ற முறையீட்டின் பொருளும் இப்பொழுது விளங்கும். விழுவதற்குக் கியர் ஏதுமில்லை. ஓட்டுபவர் கையிலுள்ள நெம்புகோல், அதிலிருந்து பின்னே செல்லும் கேபிள், கேபிளின் முனையிலுள்ள பக்கெட் ஆகிய இம்மூன்றே உள. மூன்றையும் ஒருசேர நிறுத்தி விசாரித்தால் ஒன்றின் குற்றம் மற்றொன்றின் தலையில் விழும். தனித்தனியே விசாரிக்க வேண்டும். முதலில் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். பின்னர் கேபிளின் முனையைப் பக்கெட்டிலிருந்து கழற்ற வேண்டும். பக்கெட்டைக் கையால் ஏற்றி இறக்கினால் இலகுவாக வருகிறதா? வந்தால் அது குற்றமற்றது. வாராவிடில் அதன் அச்சாணிகளில் உப்புப் பொரிந்திருக்கலாம், கல்லொன்று சிக்கியிருக்கலாம். அடுத்து, கழற்றிய நிலையிலேயே நெம்புகோலை அசைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் இறுக்கமாக இருப்பின் கேபிளின் மறுமுனையையும் கழற்றினால், பிணி நெம்புகோலிலா கேபிளிலா என்பது தெரிந்துவிடும்.

நாம் கண்டவற்றுள் பெரும்பாலானவை கேபிளின் பிணிகளே. கேபிளின் மேலுறை எங்கேனும் வெடித்து, உப்புநீர் உள்ளே புகுந்து, உட்கம்பி துருவேறிப் பருத்துவிடும். அதன்மீது எண்ணெயை ஊற்றி இழுத்துப் பிடித்து ஓட்டுவோர் உண்டு. இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள், மிகவும் வேண்டிய நேரத்தில், கைவிட்டுவிடும். துருவேறிய கேபிளுக்கு மருத்துவமில்லை, மாற்றுதலே வழி. நியூட்ரலில் படகு மெல்ல முன்னே ஊர்ந்தால் மட்டும் கேபிளை மாற்ற வேண்டியதில்லை. முனையிலுள்ள மரையை அரைச்சுற்று அரைச்சுற்றாகத் திருப்பிச் சமன்செய்தாற் போதும்.

வேறொரு வேடிக்கையும் உண்டு. நெம்புகோல் நியூட்ரலில் இருந்தாலன்றி எஞ்சினைக் கிளம்ப விடாத ஒரு சுவிட்ச் சில படகுகளில் இருக்கிறது. கேபிள் சற்றே தளர்ந்து அந்நிலை பிசகினால், எஞ்சின் அடியோடு செத்துவிட்டதுபோல் தோன்றும்! ஓட்டுபவரின் கையோடு பிணைக்கும் பாதுகாப்பு நாடாவின் கொக்கி மாட்டப்படாதபோதும் அவ்வாறே. புது பேட்டரியும் புது ஸ்டார்ட்டரும் வாங்கி வைத்துக்கொண்டு, அந்தக் கொக்கியை மாட்ட மறந்து, வெயிலில் நின்றவர்களை நாம் பார்த்திருக்கின்றோம்.

கிணற்றடிப் பாடம்

இனி எஞ்சினுக்கு வருவோம். நம் வீட்டுக் கிணற்றடியில் ஜெட் பம்பு இருக்கிறது. ஒருநாள் மோட்டார் வழக்கத்தைவிட உரக்கப் பாடுகிறது. குழாயிலோ தண்ணீர் வரவில்லை. உடனே 'மோட்டார் எரிந்துவிட்டது' என்று எவரும் சொல்வதில்லை. 'காற்று இழுக்கிறது, புட்வால்வைப் பாருங்கள்' என்று வீட்டுப் பெண்களே சொல்லிவிடுவர். ஜெட் படகின் எஞ்சின் பழுதுகளில் ஒரு பெரும்பகுதி இந்தக் கிணற்றடிப் பாடந்தான்.

எஞ்சின் அலறுகிறது, ஆர்.பி.எம். முள் விர்ரென்று ஏறுகிறது, படகோ பின்புறத்தை நீரில் அழுத்திக்கொண்டு நகர மறுக்கிறது என்றால், எஞ்சின் நலமாக இருக்கிறது என்றே பொருள். பம்புக்குத் தண்ணீர் போதவில்லை. அல்லது தண்ணீரோடு காற்றும் சேர்ந்து வருகிறது. சல்லடையில் கடற்புல் அடைத்திருக்கலாம். தண்டில் கயிறு சுற்றியிருக்கலாம். இம்பெல்லரின் விளிம்பு கல்பட்டுச் சிதைந்திருக்கலாம். இம்பெல்லரின் ஓரத்திற்கும் அதனைச் சூழ்ந்த வளையத்திற்கும் இடையேயுள்ள இடைவெளி, நல்ல நிலையில் அரை மில்லிமீட்டருக்கு மேற்படாது. மணலை உறிஞ்சி உறிஞ்சி அது ஒரு மில்லிமீட்டரை எட்டிவிட்டால், நீர் முன்னே தள்ளப்படாமல் ஓரத்தின் வழியே பின்வாங்கும். அந்தச் சிறு சந்தில் ஒரு படகின் வேகமெல்லாம் ஒழுகிப் போய்விடுகிறது!

இதற்கு மாறாக, ஆக்சிலேட்டரை முழுதும் கொடுத்தும் முள் உரிய அளவை எட்டவில்லை என்றால், அப்போது எஞ்சினை ஐயுறலாம். எரிபொருளில் நீர் கலந்திருக்கிறதா, பிளக்குகள் கருகியுள்ளனவா, காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா, பேட்டரி முனைகளில் உப்புப் பூத்துள்ளதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். மூன்றாவது நிலையும் ஒன்றுண்டு. முள் சரியான அளவில் நிற்கிறது. ஆயினும் படகு சோர்ந்து போகிறது. அப்போது எஞ்சினும் பம்பும் பெரும்பாலும் குற்றமற்றவை. படகின் அடித்தட்டில் நீர் தேங்கிப் பாரம் கூடியிருக்கலாம். அடிப்புறத்தில் சிப்பிகள் ஒட்டியிருக்கலாம். அல்லது பக்கெட் முழுதும் மேலேறாமல் குழல்வாயை ஓரளவு மறைத்துக்கொண்டிருக்கலாம். கேபிளின் பிணி எஞ்சினின் பிணிபோல் வேடமிட்டு வரும் இடம் இதுவே.

இங்கு ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். பம்பு கேட்கும் ஆற்றல், சுழலும் வேகத்தின் மும்மடிக்கேற்ப ஏறுகிறது. நிமிடத்திற்கு 7,000 சுற்றில் 160 குதிரைத்திறனைக் கேட்கும் பம்பு, அதில் பாதியாகிய 3,500 சுற்றில் 80 கேட்பதில்லை. எட்டிலொரு பங்காகிய 20 குதிரைத்திறனையே கேட்கிறது. எனவே மெதுவாக ஓட்டிப் பார்த்து எஞ்சினின் நலத்தைச் சொல்லிவிட முடியாது. நோயுற்ற எஞ்சினும் அந்தச் சிறு சுமையைச் சிரித்துக்கொண்டே சுமந்துவிடும். திறந்த நீரில், முழு விசையில், முள்ளைப் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

சூடேறுதல் மற்றொரு பெரும் பிணி. பல படகுகளில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரும் அதே பம்பிலிருந்துதான் வருகிறது. பம்பு இளைத்தால் எஞ்சினுக்குத் தாகம் எடுக்கும், சூடேறும், எச்சரிக்கை மணி அலறும். இக்கால எஞ்சின்களிலுள்ள மின்னணு மூளை உடனே சுற்றைக் குறைத்துத் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். அதனைக் கண்டு 'எஞ்சின் வலுவிழந்துவிட்டது' என்பர் அறியாதார். உண்மையில் அது வலுவிழக்கவில்லை, அடக்கிக்கொண்டிருக்கிறது.

இத்தகைய படகைக் கரையில் குழாய் நீரால் கழுவுவதற்கும் ஒரு முறையுண்டு. முதலில் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். பிறகே குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் குழாயை மூட வேண்டும். பிறகே எஞ்சினை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால், வெளியே தள்ளும் புகையழுத்தம் இல்லாமையால், நீர் புகைவழியே திரும்பி எஞ்சினுக்குள் புகுந்துவிடும். நின்றுபோன ஜெட் படகை இழுத்து வரும்போதும், குளிர்நீர் வரும் குழாயை இறுக்கிப் பிடித்துவைத்து, மெதுவாகவே இழுக்க வேண்டும். இல்லையேல் அடிவாயில் புகும் நீர் எஞ்சினை நிரப்பிவிடும். நல்ல எஞ்சினை உதவிக்கு வந்தவரே மூழ்கடிப்பது இவ்வாறுதான்.

ஒரு பிள்ளையின் வழக்கு

இவையெல்லாம் வெறும் பொறிநுட்பம் என்று நினைத்துவிடலாகாது. ஒரு மனிதனின் பிழைப்பே இதில் அடங்கியிருந்த வழக்கொன்றை நாம் கண்டோம்.

இராமநாதபுரக் கரையைச் சேர்ந்த இளைஞன் ஒருவன், செல்வர் ஒருவரின் ஜெட் படகைப் பராமரித்து ஓட்டும் பணியில் இருந்தான். ஒரு விடுமுறை நாளில் முதலாளியின் குடும்பத்தோடு கழியில் சென்றுகொண்டிருந்தபோது, எஞ்சின் திடீரென அலறியது, படகோ தளர்ந்தது, சிறிது நேரத்தில் எச்சரிக்கை மணி ஒலித்தது. அவன் உடனே எஞ்சினை நிறுத்தி நங்கூரமிட்டான். சுடும் வெயிலில் குழந்தைகள் அழ, முதலாளி சினந்தார். சூடு தணிந்தபின் மிக மெதுவாகக் கரைக்கு ஓட்டி வந்தான். துறையை நெருங்கி, படகை நிறுத்துவதற்காக நெம்புகோலைப் பின்னே இழுத்தான், அது அசையவில்லை. படகு துறைச்சுவரில் இடித்து முன்பக்கம் சிராய்ந்தது.

முதலாளி தீர்ப்பெழுத நேரமாகவில்லை. 'எஞ்சினையும் கெடுத்தாய், கியரையும் உடைத்தாய்' என்றார். வேறொரு பட்டறையினர், படகின் அடியைக் குனிந்தும் பாராமல், புது எஞ்சினுக்கு விலைப்பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டனர். அத்தொகையில் ஒரு பகுதியைச் சம்பளத்தில் பிடிப்பது, பிறகு ஊருக்கு அனுப்பிவிடுவது என்று பேச்சாயிற்று. அவனுக்கோ ஊரில் நிக்காஹ் ஆக வேண்டிய தங்கை ஒருத்தி. வந்த கடனே இன்னும் அடையவில்லை. அந்நிலையில் இரண்டாவது கருத்துக் கேட்கப் படகு நம் பட்டறைக்கு வந்தது.

'தம்பி, நீ என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. எதை முதலில் கண்டாய்? அதைச் சொல்' என்றோம்.

'முள்ளு ஏறுச்சு காக்கா. சத்தமும் ஏறுச்சு. போட்டு மட்டும் போகல, பின்னாடி அமுங்குச்சு. அப்புறந்தான் மணி அடிச்சுது' என்றான்.

பாதி வழக்கு அந்த நான்கு சொற்றொடரிலேயே முடிந்துவிட்டது. முள் ஏறியது என்றால் எஞ்சின் நலம். மணி பிறகு ஒலித்தது என்றால் சூடு விளைவேயன்றிக் காரணமன்று. படகை மேலே ஏற்றி, சாவியை எடுத்துவைத்துவிட்டு, அடிவாயில் விளக்கடித்துப் பார்த்தோம். பிளாஸ்டிக் சாக்கின் கிழிசல் ஒன்று சல்லடை வழியே நுழைந்து, இம்பெல்லருக்கு முன்னேயுள்ள தண்டில் கயிறாய் முறுக்கிக் கிடந்தது. எவரோ கடலில் எறிந்த வெற்றுச் சாக்கு! அதனை அறுத்தெடுக்க ஒரு மணி நேரமாயிற்று.

அடுத்து நெம்புகோல். கேபிளைக் கழற்றியவுடன் பக்கெட் விரலால் தொட்டாலே ஏறி இறங்கியது. கேபிளோ கல்லாய் இறுகியிருந்தது. பின்சுவரைக் கடக்கும் வளைவில் அதன் உறை வெடித்து, உள்ளே துரு செம்மண்ணாய்ப் படிந்திருந்தது. ஒருநாளில் ஏறிய துருவன்று அது. அந்த இளைஞன் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே தொடங்கியது. படகின் பராமரிப்பு ஏட்டைப் புரட்டினால், அந்தக் கேபிள் மாற்றப்பட்டதாக எந்தப் பக்கத்திலும் குறிப்பில்லை. ஆக, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு பழுதுகள் ஒரே நாளில் வெளிப்பட்டன. மனிதர் கண்ணுக்கு அவை ஒரே குற்றமாகத் தெரிந்தன. அக்குற்றத்திற்கு ஒரு முகமும் கிடைத்துவிட்டது.

அதோடு நாம் நிற்கவில்லை. பிளக்குகளைக் கழற்றி நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தோம்; ஏறத்தாழச் சமமாக இருந்தன. எண்ணெயில் நீர் கலந்த வெண்மை இல்லை. சூடேறிய எஞ்சின் சிதையாமல் தப்பியது எதனால்? மணி ஒலித்தவுடன் அவன் எஞ்சினை நிறுத்தியதனால்! முதலாளியின் சினத்திற்கு அஞ்சி, 'எப்படியாவது கரைக்குப் போய்விடுவோம்' என்று விரட்டியிருந்தால், அந்த விலைப்பட்டியல் மெய்யாகவே தேவைப்பட்டிருக்கும். எந்தச் செயலுக்காக அவன் ஏசப்பட்டானோ, அந்தச் செயலே படகைக் காத்திருந்தது.

புதிய கேபிளைப் பூட்டி, திறந்த நீரில் முழு விசை கொடுத்தோம். முள் ஏடு குறித்த அளவில் வந்து நின்றது. முதலாளியிடம் சாக்குக் கிழிசலையும், வெடித்த கேபிளையும், அழுத்தம் எழுதிய தாளையும் மேசைமீது வைத்தோம். அவர் மூன்றையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு, 'கேபிளுக்கு எவ்வளவு?' என்று மட்டும் கேட்டார். அவனிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. தெரிவிப்பார் என்று அவனும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சம்பளம் பிடிக்கப்படவில்லை. ஊருக்கு அனுப்பும் பேச்சும் எழவில்லை. அன்று மாலை அவன் தன் உம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னது நம் காதில் விழுந்தது: 'ஒண்ணுமில்லம்மா, போட்டுல ஒரு சாக்கு மாட்டிக்கிச்சு.' அவ்வளவுதான்!

மறக்கலாகாத ஒன்று

பழுது பார்ப்பதைச் சொன்ன நாம், ஓட்டுவோர் அறிய வேண்டிய ஒன்றையும் சொல்லாமல் விடலாகாது. ஜெட் படகுக்குக் காரில் உள்ளதுபோன்ற பிரேக் இல்லை, சுக்கானும் இல்லை. பாய்ந்து வெளியேறும் நீரே அதன் சுக்கான். ஆக்சிலேட்டரை அடியோடு விட்டுவிட்டால் நீர்ப்பாய்ச்சல் ஓய்ந்துவிடும். அதன்பின் சக்கரத்தை எத்துணை திருப்பினாலும் படகு தான் போன வழியே வழுக்கிச் செல்லும். எதிரே தடை தோன்றும்போது விசையை விட்டுவிடுவது மனிதரின் இயல்பு. காரில் அது உயிரைக் காக்கும்; ஜெட் படகில் அதுவே உயிரைப் பறிக்கக்கூடும். சிறிது விசை கொடுத்துக்கொண்டே திருப்ப வேண்டும் என்னும் பாடத்தை, கையில் சாவியைக் கொடுப்பதற்கு முன்பே பிள்ளைகளுக்குப் புகட்ட வேண்டும்.

அவ்வாறே, ஆழமில்லாத இடத்தில் நின்றுகொண்டு விசையைக் கூட்டலாகாது. வேகமாகச் செல்லும்போது ஒரு சாண் நீரிலும் ஜெட் படகு மிதந்து பாயும் என்பது மெய்யே. ஆனால் நின்ற நிலையில், மூன்றடிக்குக் குறைந்த நீரில் அது கிளம்பினால், அடிமணலை அள்ளி விழுங்கிவிடும். அந்த மணல் வளையத்தையும் தின்னும். குளிர்நீர் வழியையும் அடைக்கும். ஆழமான இடம் வரை தள்ளிச் செல்வதற்குச் சோம்பிய ஐந்து நிமிடம், ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும்.

பழுது பார்க்கும் முறைக்கும் ஓர் ஒழுங்குண்டு. முதலில் கண்டவரின் வாய்மொழியைக் கேட்க வேண்டும். அதுவும் வரிசை பிசகாமல், எது முன், எது பின் என்று கேட்க வேண்டும். பிறகு செலவில்லாத சோதனைகளை முதலிலும், செலவுள்ளவற்றைப் பின்னரும் செய்ய வேண்டும். சல்லடையைப் பார்க்கக் காசு வேண்டியதில்லை. கேபிளைக் கழற்ற ஒரு திருகுசாவி போதும். சிலிண்டரின் அழுத்தம் பார்க்க ஓர் அளவி வேண்டும். எஞ்சினைப் பிரிப்பதோ எல்லாவற்றிற்கும் கடைசி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது தீர்த்தது என்பது தெரியாமலே போய்விடும். இரண்டு குறைகள் ஒன்றாக வந்தால் அவற்றிற்கு ஒரே காரணந்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது.

இந்த ஒழுங்கு பட்டறைக்கு மட்டும் உரியதென்று நாம் கருதவில்லை. கடையில் கணக்கு உதைக்கும்போதும், பள்ளியில் பிள்ளையின் மதிப்பெண் குறையும்போதும், குடும்பத்தில் மனக்கசப்பு முளைக்கும்போதும் நாம் முதலில் தேடுவது காரணத்தையன்று, ஆளைத்தான்! ஆள் கிடைத்துவிட்டால் தேடுதல் நின்றுவிடுகிறது. பழுதோ அப்படியே இருந்துவிடுகிறது.

கடல்கடந்து உழைக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. ஒருநாள் இரவில் தொலைபேசி ஒலித்து, 'வாப்பா, வேலையில் ஒரு கோளாறு' என்று மகனின் குரல் தழுதழுத்தால், 'நீ என்ன செய்தாய்?' என்று தொடங்காதீர்கள். 'என்ன நடந்தது? முதலிலிருந்து சொல்' என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும் வரையில் குறுக்கே பேசாதிருங்கள்.